பழைய பங்களாவும் புதிய வாழ்வும்: பினாங்கு புகட்டும் பாடம்

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது முன்னோர் மொழி. புதிதாக ஒரு வீட்டைக் கட்டுவதே இத்துணைச் சிரமம் என்றால், நூறாண்டு கண்ட பழைய வீடொன்றை இக்காலத்து வாழ்வுக்கு ஏற்பத் திருத்தி அமைப்பது அதனினும் சிரமமான காரியமாகும். புதிய வீட்டில் எல்லாம் நம் விருப்பப்படி அமையும். பழைய வீட்டிலோ, முன்பு கட்டியவர் செய்துவைத்த ஏற்பாடுகள் எவை, அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதை அறிந்துகொண்ட பின்னரே நாம் கை வைக்க முடியும்.

பழைய பங்களா என்றதும் இருட்டு, ஈரம், கறையான், ஒழுகும் கூரை ஆகியவையே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆதலின், கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன் சன்னல்களை அடைத்து, சுவருக்குச் சிமெண்டு பூசி, தரையில் பளிங்கு ஓடு பதித்து, அறைதோறும் குளிர்சாதனம் பொருத்திவிட்டால் வீடு புதுமை பெற்றுவிடும் என்று எண்ணுகின்றனர். சில ஆண்டுகளில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது, போட்ட பணம் வீணாகிறது. இந்நிலை ஏன் ஏற்படுகிறது? இதைத் தவிர்ப்பது எவ்வாறு? பினாங்கு மாநிலத்தின் ஜார்ஜ் டவுன் நகரில் செப்பனிடப்பட்ட பழைய மாளிகைகள் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன. அவ்விடையைத் தோட்டப்புற வாசகர்கள் தத்தம் இல்லங்களுக்கும் பொருத்திப் பார்க்கும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பங்களா வந்த வழி

பங்களா என்னும் சொல் வங்காளத்தின் பெயரிலிருந்து பிறந்தது. வங்காள நாட்டுப்புறத்தில் வழங்கிய தாழ்ந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் கொண்ட குடிசையைப் பார்த்து, கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் அதிகாரிகளுக்கான வீடுகளை அமைத்துக்கொண்டனர். சென்னையிலும் கல்கத்தாவிலும் அவர்கள் எழுப்பிய தோட்ட வீடுகளின் அமைப்பு, 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பின்னர், கடல் கடந்து இங்கும் வந்து சேர்ந்தது. மலாய் மக்களின் மரவீடு தூண்களின்மேல் உயர்ந்து நிற்பது. காற்று அடியிலும் புகுந்து செல்வது. இவ்விரு மரபுகளும் கலந்ததன் விளைவே நம் நாட்டுப் பழைய பங்களா. தோட்டங்களில் நம் பெற்றோர் துரை பங்களா என்று சுட்டிக்காட்டிய வீடும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததேயாகும்.

ஆனால், வேற்று நாட்டு முறையை அப்படியே கொண்டுவந்தால் போதாது என்பதற்கும் ஜார்ஜ் டவுனிலேயே சான்று உண்டு. சென்னை நகரத்துப் புனித ஜார்ஜ் தேவாலயத்தைப் பின்பற்றி, அதே பெயருள்ள தேவாலயம் இங்கு 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த கட்டடம் அது. அதன் கூரை முதலில் சென்னை முறைப்படி தட்டையாக அமைந்திருந்தது. இவ்வூர்த் தட்பவெப்பத்திற்கு அது ஒவ்வாமற்போகவே, 1864ஆம் ஆண்டில் சரிவுக் கூரையாக மாற்றப்பட்டது. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இத்தகைய மழையுள்ள நாட்டில் கூரை சரிந்திருக்க வேண்டும். அதன் விளிம்பு சுவரைத் தாண்டி நன்கு நீண்டிருக்க வேண்டும். மழையைச் சுவரிலிருந்து விலக்குவது பங்களாவின் முதல் இலக்கணம்.

மிளகுத் தோட்டத்து மாளிகை

ஆயர் ஈத்தாம் ஆற்றின் கரையில், பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த நிலத்தில் நிற்பது சஃபோக் மாளிகை. லைட் பிறந்த இங்கிலாந்து மாவட்டத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. லைட் 1794ஆம் ஆண்டில் காலமானார். அவர் காலத்தில் அங்கிருந்தது எளிய மரவீடே. இப்போதுள்ள செங்கல் மாளிகையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவர், பின்னர் பினாங்கின் ஆளுநராக விளங்கிய வில்லியம் எட்வர்டு பிலிப்ஸ் என்பார். ஆகவே, நம் நாட்டில் எஞ்சியுள்ள தோட்ட வீடுகளில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று இது எனலாம்.

பின்னாளில் இவ்வீடு பல கைகள் மாறி, 1920களின் இறுதியில் மெதடிஸ்ட் திருச்சபையாரிடம் வந்து, பள்ளிக்கூடமாகப் பயன்பட்டது. 1975ஆம் ஆண்டில், உள்ளே செல்வது ஆபத்து என்று மூடப்பட்டது. கூரை போன பின்பு மழை நேராகச் சுவருக்குள் இறங்கிற்று. மரத்தளங்கள் உளுத்தன; செடிகொடிகள் செங்கல்லுக்கிடையே வேர்விட்டன. ஒரு வீட்டின் கூரை போனால் எஞ்சியவை எத்துணை விரைவில் அழியும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பினாங்கு மரபுடைமைக் கழகத்தாரும் மலேசிய மரபுடைமை அறநிறுவனத்தாரும் பல்லாண்டு முயன்று இம்மாளிகையைக் காக்கக் குரல்கொடுத்தனர். முழுப் பணிக்கு வேண்டிய பணம் சேரும்வரை, எஞ்சிய சுவர்களைக் காக்க இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு காப்புக் கூரை அமைக்கப்பட்டது. பின்னர் மாநில அரசு அந்நிலத்தைப் பெற்று, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ அவர்களின் மேற்பார்வையில் திருப்பணி நடைபெற்று, 2007ஆம் ஆண்டில் நிறைவுற்றது. மறு ஆண்டே யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது இதற்குக் கிட்டியது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? பணம் குறைவாக இருக்குமாயின் முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும். சமையலறை மேடையும் புதுத் தரையும் காத்திருக்கலாம். ஒழுகும் கூரை காத்திருக்காது. ஒழுக்கு நின்றுவிட்டால், மற்றப் பணிகளை ஆண்டுக்கு ஒன்றாகவும் செய்துகொள்ளலாம்.

நீல மாளிகையின் கதை

நகரின் லீத் தெருவில் உள்ள நீல நிற மாளிகையைப் பினாங்குக்குச் சென்றோர் பலரும் கண்டிருப்பர். 1840ஆம் ஆண்டில் சீனாவில் பிறந்து, வெறுங்கையோடு தென்கிழக்காசியாவுக்கு வந்து பெருஞ்செல்வரான சியோங் பாட் சீ என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கட்டினார். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் என்று இதன் அளவைக் கணக்கிட்டுக் கூறுவர். அவர் 1916ஆம் ஆண்டில் மறைந்தார். தம் கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கலாகாது என்று உயில் எழுதியிருந்தார். அம்மகன் 1989ஆம் ஆண்டில் காலமான பின்னரே வீடு விற்பனைக்கு வந்தது. அதற்குள் அது பல குடும்பங்கள் நெருங்கி வாழும் சிதைந்த இல்லமாகிவிட்டிருந்தது.

மரபுடைமையில் ஆர்வங்கொண்ட சிலர் ஒன்றுகூடி அதை வாங்கினர். இங்கும் லாரன்ஸ் லோ அவர்களும் அவர்தம் துணைவியாரும் முன்னின்றனர். அவர்கள் அவசரப்படவில்லை. எந்தச் சுவர் எதனால் ஆனது, எந்த வண்ணத்தின் அடியில் எந்த வண்ணம் உள்ளது, நீர் எவ்வழியே வந்து எவ்வழியே போகிறது என்பவற்றை ஆராய்ந்து, பழைய பொருள்களையும் பழைய கைவினைஞர்களின் முறைகளையும் கொண்டே பழுதுபார்த்தனர். வெளிச்சுவரின் நீலம் அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பு நீரில் கலந்து பூசப்பட்டதாகும். அவுரி நம் நாட்டாருக்குப் புதியதன்று. இந்தியாவிலிருந்து கப்பலேறிய பழம்பெரும் வாணிகப் பொருள் அது. 2000ஆம் ஆண்டில், யுனெஸ்கோ அவ்விருதை முதன்முதலாக வழங்கியபோது, மிகச் சிறந்த பணி என்னும் சிறப்பு இம்மாளிகைக்குக் கிட்டியது. விருந்தினர் தங்கும் விடுதியாக வருவாய் ஈட்டி, தன்னைத் தானே பேணிக்கொள்ளும் வழியையும் இவ்வீடு கண்டது.

முற்றங்களே இவ்வீட்டின் மூச்சு. வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும்ப, நிழலில் உள்ள குளிர்ந்த காற்று தாழ்வாரங்களின் வழியே உள்ளே வருகிறது. கருங்கல் பாவிய முற்றத்தில் விழும் மழைநீரும் அவ்விடத்தைக் குளிர்விக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். இட நெருக்கடிக்காக முற்றத்தை மூடிக் கூரை போடுவோர், வீட்டின் மூக்கை அடைத்தவர் ஆவர்.

சுவருக்கு வரும் நோய்

பழைய வீட்டைத் திருத்துவோர் பெரும்பாலும் இடறி விழுமிடம் சுவரே. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பழைய செங்கல் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தகடு கிடையாது. விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி மேலேற்றுவதுபோல், சுவர் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி மேலேற்றுகிறது. அந்நீரோடு உப்பும் ஏறுகிறது. கடலோர நகரமான ஜார்ஜ் டவுனில் இது மிகுதி. சுவர் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டிருந்தால், அப்பூச்சின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறிவிடும். உப்பு வெளிப்பூச்சில் தங்கி, காலப்போக்கில் அப்பூச்சைக் கெடுக்கும். பூச்சைப் புதுப்பித்தால் போதும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லுக்காகத் தான் தேயும் காவலன் எனலாம்.

இச்சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் நிகழ்வது வேறு. சிமெண்டு கடினமானது, நீராவியை எளிதில் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேன்மேலும் ஏறி, முழங்கால் உயரத்தில் நின்றது தோள் உயரத்தை எட்டும். உப்பு சிமெண்டுக்குப் பின்னால் செங்கல்லிலேயே படிகமாகி, செங்கல்லை மாவாக உதிர்க்கும். சில ஆண்டுகளில் சிமெண்டுப் பூச்சு பாளம்பாளமாகப் பெயரும்போது, செங்கல்லின் முகமும் அதனுடன் போய்விடும். நெகிழிக் கலப்புள்ள வண்ணங்களும் இதே தீமையைச் சிறிய அளவில் செய்கின்றன.

முறையான சிகிச்சை யாது? முதலில் சுவரடியில் தேங்கும் நீரை அகற்ற வேண்டும். உடைந்த வடிகாலைச் சீராக்கி, சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணையும் சிமெண்டுத் தரையையும் தாழ்த்த வேண்டும். பின்னர் சிமெண்டுப் பூச்சை மெல்லப் பெயர்த்தெடுத்து, சுவரைப் பல வாரங்கள் உலரவிட வேண்டும். அதன் பிறகே, ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கழுவிய மணல் என்னும் அளவில் கலந்த சாந்தை, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் மெதுவாக உலர்வது நலம். கடும் வெயில் பட்டால் வெடிக்கும். ஆதலின் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நிழல் செய்வர். இறுதியில் சுண்ணாம்பு நீரே வண்ணமாகிறது.

நம் தாயகத்துக் கொத்தனார்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்த்து அரைத்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். சென்னையின் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல் பளபளத்ததை ஆங்கிலேயர் வியந்து, சுண்ணம் என்னும் நம் சொல்லையே தம் மொழியிலும் வழங்கினர். எனவே, இக்கலை நமக்கு அந்நியமானதன்று. எனினும் ஓர் எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் இட்டு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் கெடுக்கும். நீற்றிப் பதப்படுத்திய களியை வாங்குவதே தக்கது. கையுறையும் கண்ணாடியும் இன்றிச் சுண்ணாம்பைக் கையாளுதல் கூடாது.

சுற்றுச்சூழலுக்கும் இதில் நன்மை உண்டு. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு சிமெண்டு உற்பத்தியால் உண்டாகிறது. சிமெண்டுக்குச் சுமார் 1,450 பாகை வெப்பம் தேவை. சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 900 பாகை போதும். அன்றியும், பூசப்பட்ட சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறது. எல்லாவற்றினும் மேலாக, இடிக்கப்படாத சுவருக்குப் புதுச் செங்கல்லும் வேண்டா, லாரியும் வேண்டா, குப்பை கொட்ட நிலமும் வேண்டா.

வெப்பத்தை வெல்லும் வழி

பழைய பங்களாவின் உயர்ந்த மேற்தளம், பலகை இதழ்கள் கொண்ட சன்னல், கதவின் மேலுள்ள காற்றுத் துளைகள், அகன்ற தாழ்வாரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கின்றன. தாழ்வாரம் வெயில் சுவரைத் தொடாமல் காக்கிறது. பலகை இதழ்கள் மழையைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. மேலேறும் வெப்பக் காற்று காற்றுத் துளைகளின் வழியே வெளியேறுகிறது. இவற்றை அடைத்துக் கண்ணாடி பொருத்திய பின்னர், வீடு வெக்கையாக இருக்கிறது என்று குறைப்படுவதில் பயனில்லை.

ஆகவே, புதுப்பிப்போர் முதலில் அடைத்ததைத் திறக்க வேண்டும். பின்னரே புதிய அறிவைச் சேர்க்க வேண்டும். கூரை ஓட்டின் அடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தாளை விரிக்கலாம். அதன் மேலும் கீழும் காற்று செல்ல இடைவெளி விடுதல் இன்றியமையாதது. மேற்குச் சுவருக்கு நிழல்தரும் மரங்களைத் தக்க தொலைவில் நடலாம். வேர் அடித்தளத்தைத் தாக்கும் மரங்களைத் தவிர்க்க வேண்டும்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 75 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட் செலவாகும். 800 வாட் குளிர்சாதனம் அதே நேரம் இடைவிடாது ஓடினால் 6.4 யூனிட் செலவாகும். பத்து மடங்குக்கும் மேல்! இக்காலத்துக் குளிர்சாதனங்கள் அறை குளிர்ந்ததும் வேகம் தணியும் என்பது உண்மையே. ஆயினும் இடைவெளிகள் நிறைந்த, உயரமான பழைய அறையில் அவை எளிதில் ஓய்வதில்லை. முதியோருக்கோ நோயாளிக்கோ அவசியமாயின், ஒரே ஒரு படுக்கையறையை மட்டும் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்துதல் அறிவுடைமை. 60 வாட் பழைய குமிழ் விளக்குக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே ஒளியைத் தரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மழையும் வெயிலும் தரும் கொடை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். இவ்வொரு வாய்பாட்டை மனத்திற்கொண்டால் போதும். உங்கள் கூரை 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழை, அதாவது நல்ல ஒரு மாலை மழை பெய்தால், 800 லிட்டர் நீர் கூரையில் விழுகிறது. சிதறியது, வழிந்தது போக அறுநூறு லிட்டரையேனும் சேமிக்கலாம். தாழ்ந்த நீரளவுள்ள கழிவறைத் தொட்டி ஒரு முறைக்கு 6 லிட்டர் கொள்வது என்றால், நூறு முறைக்கு அது போதுமானது. பினாங்கு மாநிலம் தன் குடிநீரில் பெரும்பகுதிக்கு, கெடா மாநிலத்திலிருந்து வரும் மூடா ஆறு ஒன்றையே நம்பியுள்ளது. அவ்வாறிருக்க, சுத்திகரித்த குடிநீரைக் கழிவறைக்கும் பூந்தோட்டத்திற்கும் ஊற்றுவது தகுமா?

கூரை நீரைச் சேமிப்போர் மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். மழை தொடங்கியதும் வரும் முதல் நீர் அழுக்கானது. அதை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியின் எல்லாத் திறப்புகளையும் நுண்வலையால் மூட வேண்டும். இல்லையேல் அது ஏடிஸ் கொசுவின் பிறப்பிடமாகிவிடும். அவ்வாறு கொசு வளர இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மூன்றாவதாக, அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தலாகாது.

வெயிலும் அவ்வாறே ஒரு செல்வம். ஒரு கிலோவாட் சூரியத் தகடுகள் நம் நாட்டில் நாளொன்றுக்குச் சராசரி மூன்றரை யூனிட் அளவில் மின்சாரம் தரும். 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்திற்குப் பின், வீட்டுக் கூரையில் மின்சாரம் ஆக்குவோருக்குப் பல திட்டங்கள் வந்துள்ளன. அவற்றின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், பணம் கட்டுமுன் தெனாகா நேசனல் அலுவலகத்திலும் நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்திடமும் விசாரித்து அறிதல் வேண்டும். பழைய வீட்டினருக்கு மற்றொரு கேள்வியும் உண்டு: கைமரங்கள் அப்பாரத்தைத் தாங்குமா? உளுத்த மரத்தின்மேல் தகடு ஏற்றுவது வீட்டையே கவிழ்க்கும். அத்தகைய நிலையில் தகட்டைக் கொட்டகை மீதோ வாகன நிறுத்துமிடக் கூரை மீதோ அமைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

பழைய வீட்டில் உடலுக்கும் உயிருக்கும் ஊறு செய்வன நான்கு உண்டு.

முதலாவது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. கூரையிலும் மேற்தளத்திலும் இது முன்பு பெரிதும் பயன்பட்டது. இதனை உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் தேய்த்துக் கழுவினாலும், கண்ணுக்குப் புலப்படாத நார்த்தூசி பறக்கும். அதைச் சுவாசித்தவர்க்குப் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாகலாம். எனவே, நாமே சுத்தியலைக் கையிலெடுக்காமல், பயிற்சி பெற்றவர்களிடம் விட வேண்டும்.

இரண்டாவது பழைய மின்கம்பி. உறை உதிர்ந்த கம்பி தீவிபத்துக்கு வித்தாகும். பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு முழுவதும் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும்.

மூன்றாவது கறையான். தூண்களிலும் சுவர்களிலும் ஏறும் மண்கோடுகளே அதன் அடையாளம். ஈரமுள்ள இடத்தை அது தேடி வரும். ஆதலின் ஒழுக்கை நிறுத்துவதே முதல் மருந்து. செங்கால் போன்ற வலிய மரங்கள் பெரும்பாலும் உள்ளே நலமாயிருக்கும். அழுகிய நுனியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை இணைத்தால் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை.

நான்காவது ஈயம் கலந்த பழைய வண்ணம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்டி, அத்தூசியைத் திரட்டி அகற்ற வேண்டும்.

அனுமதியும் செலவும்

ஜார்ஜ் டவுனின் ஒரு பகுதி, மலாக்காவுடன் சேர்த்து, 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு, சுற்றுக் காப்பு வட்டத்தையும் சேர்த்து, 259 ஹெக்டேருக்குச் சற்று மிகுதி. அவ்வட்டத்துக்குள் உள்ள வீட்டின் முகப்பையோ கூரையையோ மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். பிற ஊர்களிலும் சுவரை இடிப்பதற்கும் அறையைச் சேர்ப்பதற்கும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவை.

இவ்விடத்தில் ஒன்றை மறத்தலாகாது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பழைய வீடுகளின் வாடகை உரிமையாளர் விருப்பத்திற்கு விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த ஏழை எளிய குடும்பங்கள் பல வெளியேறின. ஆளில்லாத வீடுகள் சில பாழடைந்தன. சில ஆடம்பர விடுதிகளாயின. வீட்டைக் காப்பது என்பதில், அதில் குடியிருப்போரைக் காப்பதும் அடங்கும். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைத் திருத்துவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும்?

மாளிகை வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், தோட்டத்தை விட்டு வெளியேறி, ஓய்வுப் பணத்தில் கம்பத்துப் பழைய மரவீட்டையோ சிறு நகரத்துப் பழைய கடைவீட்டையோ வாங்கியோர் பலர். அவர்களுக்கு மாளிகையின் விதிகள் யாவும் பொருந்தும். தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர் சுவரையும் கூரையையும் தாமே மாற்ற இயலாது. அவ்வீடு நிர்வாகத்துக்கு உரியது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தின்படி, தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பேணுவது முதலாளியின் கடமை. ஒழுக்கையும் அடைபட்ட வடிகாலையும் எழுத்து மூலம் தெரிவிப்பது குடியிருப்போரின் உரிமை. இலை அடைத்த கூரை வடிகாலைத் துப்புரவு செய்தல், சுவரடியில் நீர் தேங்காது பார்த்தல், சன்னலைத் திறந்து வைத்தல், மேற்கே பந்தலிட்டுக் கொடி படரவிடுதல் ஆகியவற்றுக்கு அதிகச் செலவில்லை.

பணி தொடங்குவோர் பின்வரும் வரிசையைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் வீட்டைக் கவனித்துக் குறிப்பெழுதுக.
2. கூரையையும் வடிகாலையும் செப்பனிடுக.
3. கறையான், மின்கம்பி, ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றைத் தக்கவரைக் கொண்டு சோதிக்க.
4. சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பால் பூசுக.
5. அடைத்த காற்றுவழிகளைத் திறக்க.
6. இவை யாவும் முடிந்த பின்னரே மழைநீர்த் தொட்டி, சூரியத் தகடு, புதிய சமையலறை ஆகியவற்றுக்குச் செலவிடுக.

பலர் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்வதனாலேயே பணத்தை இழக்கின்றனர். ஒழுகும் கூரையின்மேல் சூரியத் தகடும், ஈரச் சுவரின்மேல் விலையுயர்ந்த வண்ணமும் நிலைத்து நிற்பதில்லை.

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்

குடும்பத்தாருடன் அமர்ந்து இவற்றுக்கு விடை காண முயலுங்கள். நம் வீட்டுக் கூரையின் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? நேற்றைய மழையில் அதன்மேல் விழுந்த நீர் எத்தனை லிட்டர்? எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, அதன் அடியில் நீர் எங்கிருந்து வருகிறது? காலையில் காற்று எந்தப் பக்கம் புகுந்து எந்தப் பக்கம் போகிறது, அதைத் தடுப்பது எது? சென்ற திங்களின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு எந்தக் கருவிக்குப் போயிற்று?

பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் அளவுநாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்து இக்கணக்குகளைச் செய்யச் சொல்லலாம். கொத்தனாரும் தச்சரும் வந்து விலை பேசும் நாளில், அக்குறிப்பேடு உங்கள் கையில் இருக்கட்டும். தேவையற்ற வேலை எது, தேவையான வேலை எது என்று அவரிடம் தெளிவாகக் கேட்க அது உதவும்.